மறுவளமாச் சொல்லும்

எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் தோட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். மீதிப் பேர் செய்வினை என்கிறார்கள். எனக்கு வந்தது மூளையழற்சி. ஒரு வைரஸ் காய்ச்சல் மாதிரி வந்து, மூளைக்குள் ஏறி, அங்கே வீக்கத்தை உண்டாக்கிவிட்டுப் போயிருக்கிறது. அவ்வளவுதான் மேட்டர். இப்போது கை கால் எல்லாம் ஓகே. மூஞ்சியும் பழைய மூஞ்சிதான். போனது ஒன்றே ஒன்று. அது என்ன என்று விளங்கப்படுத்தத்தான் இவ்வளவு டைப் பண்ணுகிறேன். உங்கள் வீட்டில் யாராவது இதே வியாதியில் கிடந்து, சொன்னதையே கேட்டு, கேட்டதையே சொல்லிக்கொண்டிருந்தால், வாசித்துவிட்டுக் கொஞ்சம் மூச்சு விடுங்கள்.

நான் துஷி. இலங்கை மலைநாட்டில் புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை. நான் பல்கலைக்கழகம் முடித்துக் கண்டியில் ஒரு சின்ன ஒபீஸில் சேர்ந்தேன். வேலை, மொழிபெயர்ப்பு. எழுதுகிற மொழிபெயர்ப்பு இல்லை, வாயால். அரசாங்க அதிகாரிகள் தோட்டத்துச் சனத்தோடு கூட்டம் போடுவார்கள் இல்லையா, அப்போது நடுவில் நிற்கிற ஆள் நான்தான். அவர் சிங்களத்தில் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும். இவர்கள் தமிழில் கத்துவதை நான் சிங்களத்தில், கத்தாமல் சொல்ல வேண்டும்.

நான் அதில் கெட்டிக்காரி. தம்பட்டம்தான், பரவாயில்லை. மற்றவர்கள் பேப்பரும் பேனையுமாக நிற்பார்கள். நான் வெறுங்கையோடு நிற்பேன். எவ்வளவு நீளமாக இழுத்தாலும் ஒரு வாக்கியத்தை அப்படியே மண்டைக்குள் தூக்கி வைத்திருந்து, புரட்டி, மறுபக்கம் இறக்கி வைப்பேன். அந்த இடைப்பட்ட நேரம் இருக்கிறதே, ஒருவர் பேசி முடித்து நான் வாயைத் திறக்கும் வரைக்கும் உள்ள அந்தத் துளி நேரம், அதில் இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த ஒரே ஆள் நான் மட்டும்தான். அந்தச் சுகம் வேறு எந்த வேலையிலும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை காய்ச்சலோடுதான் கண்டி பஸ் ஏறினேன். தலைக்குள் யாரோ அம்மி கொத்துகிற மாதிரி. பனடோல் போட்டாச்சு, எப்படியாவது ஷேப் பண்ணிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று ஒரு தைரியம். கண்டக்டரிடம் டிக்கட் வாங்கினேன். கொஞ்ச தூரம் போனதும் அவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, கண்டி ஒன்னு."

"இப்பத்தானே வாங்குனீங்க?"

கையில் பார்த்தேன், டிக்கட் இருந்தது. சரி என்றேன். அடுத்த முறை அவர் என் பக்கம் வந்தபோது மறுபடியும் காசை நீட்டினேன். அதற்கு அடுத்த முறையும்.

"என்னா தங்கச்சி, பஸ்ஸையே வாங்கப் போறீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

மீதி எல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டது. கம்பளையை நெருங்கும்போது எனக்கு வலிப்பு வந்ததாம். கிண்டல் பண்ணிய அதே கண்டக்டர்தான் டிரைவரைத் தட்டி, ஸ்டாண்டுக்குப் போகாமல் பஸ்ஸை நேராக ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னாராம். அங்கிருந்து ஆம்புலன்ஸில் கண்டிக்கு. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை, அங்கே இருந்தவர்கள் எல்லோரும் என்னை நன்றாகத்தான் பார்த்தார்கள்.

எனக்கு ஞாபகம் தொடங்குவது ஆஸ்பத்திரியில் ஒரு நீளமான மர வாங்கில் உட்கார்ந்திருந்ததிலிருந்து. பக்கத்தில் அம்மா. எதிரே கதவு, கதவுக்கு மேலே சிவப்பு லைட்.

"அம்மா, இங்க எதுக்கு வந்திருக்கோம்?"

"தலைய படம் புடிக்க பாப்பா."

"ஓ."

லைட் எரிந்தது, அணைந்தது.

"அம்மா, இங்க எதுக்கு வந்திருக்கோம்?"

"தலைய படம் புடிக்க."

இதுவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எதிர் வாங்கில் இருந்த ஒரு பெரியவர் பொறுக்க முடியாமல் கேட்டார். "எத்தன வாட்டிதாம்மா சொல்லுவீங்க? வாயி வலிக்கல?"

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த வாய் கேக்காம சும்மா இருந்தாத்தாங்க எனக்குப் பயம்" என்றார்.

அந்தப் படம் எம்ஆர்ஐ. ஒரு குழாய்க்குள் படுக்க வைத்துத் தள்ளுவார்கள். உள்ளே தேயிலைத் தொழிற்சாலையில் இலை அரைக்கிற ரோலர் பக்கத்தில் காதை வைத்த மாதிரிச் சத்தம். வலிக்காது. பயப்படாதீங்க. இன்னொரு சோதனைக்கு இறால் மாதிரிச் சுருண்டு படுக்கச் சொல்லி, முதுகெலும்புக்கு நடுவில் ஊசி குத்தி ஒரு நீரை எடுப்பார்கள். மூளையும் முள்ளந்தண்டும் மிதக்கிற நீர் அது. அதில்தான் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது வலிக்கும். பொய் சொல்ல மாட்டேன். மூன்றாவது சோதனையில் தலை முழுக்கப் பசை தடவி வயர் ஒட்டினார்கள். மூளையில் ஓடுகிற கரண்ட்டை வரைந்து பார்க்கிற சோதனை அது. அந்தப் பசை முடியை விட்டுப் போகவே போகாது. அம்மா வார்ட் பேசினில் என் தலையைச் சாய்த்து வைத்து, கோப்பையால் தண்ணீர் ஊற்றி ஊற்றி, ஒவ்வொரு கட்டியாக நகத்தால் எடுத்தார். கொழுந்து கிள்ளுகிற நகம், சும்மாவா.

பிறகு மருந்து. வைரஸைக் கொல்கிற மருந்தைச் சேலைனோடு நரம்பில் ஏற்றினார்கள். கை வீங்கினால் மற்றக் கை, அதுவும் வீங்கினால் பாதத்துக்கு மேலே. வாரக்கணக்கில் ஓடியது. காய்ச்சல் போனது, தலைவலி போனது. அப்பா கொழும்பிலிருந்து வந்தார். என்னைப் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "நான் யாருன்னு தெரியுதா?"

"காலையில மூனு கப் பிளேன்டீ குடிக்கிற ஆளு" என்றேன். அவர் வெளியே போய் அழுதுவிட்டு வந்தார்.

சரி, சுகமாயிட்டேன் என்றுதான் நினைத்தேன். பல்கலைக்கழகத்து ரூம்மேட்டின் காதலனுடைய சைக்கிள் நிறம் வரைக்கும் ஞாபகம் இருந்தது. அப்புறம் ஒரு காலையில் நர்ஸ் மிஸ் வந்து சிங்களத்தில் சொன்னார். நங்கி, அதாவது தங்கச்சி, முதலில் சாப்பிட்டுவிட்டு, வெள்ளைக் குளிசையை மட்டும் போட்டுவிட்டு, மஞ்சளை வைத்துவிட்டு, அந்தப் போத்தலில் சிறுநீர் எடுத்து ஜன்னலோரத்தில் வை. ரொம்ப இலகுவான சிங்களம். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. ஆனால் ஜன்னல் வந்தபோது குளிசை இல்லை. குளிசையைத் தேடிப் போனால் ஜன்னலும் போய்விட்டது. வாக்கியம் வாலை என் கையில் கொடுத்துவிட்டுத் தலையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

"ஆயெத் கியன்ன மிஸ்" என்றேன். மறுபடி சொல்லுங்கள். அவர் சொன்னார். மறுபடியும் வால்தான் கிடைத்தது.

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. ஊசிக்கெல்லாம் வராத பயம். வாக்கியத்தைப் பிடித்து வைத்திருப்பதுதானே என் வேலை? இனிமேல் நான் நடுவில் நிற்க முடியுமா? அந்த நாள் தொடக்கம் எனக்கு இருந்தது அந்த ஒரு கேள்வி மட்டும்தான்.

எங்கள் வார்டுக்கு ஒரு இளம் டொக்டர் வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், டொக்டர் அபிராமி. அந்த வார்டில் தமிழ் பேசுகிற டொக்டர் அவர் மட்டும்தான். என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து விளக்கம் சொன்னார்.

"உம்மட அலுமாரி பத்திரமாத்தான் இருக்கு. பழைய விசயமெல்லாம் அதுக்குள்ள. பிரச்சினை கையில. இப்ப கேட்டதை இப்பவே கையில வச்சிருக்கிறது ஒண்டு. வச்சிருந்தபடியே அதைத் திருப்பிறது, பிரட்டிறது, கணக்குப் பாக்கிறது இன்னொண்டு. முதலாவதைக் குறுகிய கால நினைவு எண்டு சொல்லுவம். ரெண்டாவது வேலை செய்யிற நினைவு."

எனக்கு அந்தப் பஸ் கண்டக்டர்தான் மனதில் வந்தார். கம்பளையில் ஏறியது யார், பெரிய நோட்டுக் கொடுத்துவிட்டு மிச்சத்துக்குக் காத்திருப்பது யார், அடுத்த வளைவில் இறங்குவது யார், எல்லாம் அவர் மண்டையில் ஒரே நேரத்தில் நிற்கும். நிற்கும்போதே மாறும். ஒருவர் இறங்கினால் அழிந்து, இன்னொருவர் ஏறினால் சேரும். வீட்டுக்குப் போனால் ஒன்றும் மிஞ்சாது, மிஞ்சவும் தேவையில்லை. அதுதான் வேலை செய்யும் நினைவு. என் பஸ்ஸில் கண்டக்டர் இறங்கிவிட்டார்.

"நான் திரும்ப வேலைக்குப் போகலாமா டொக்டர்? வேலை செய்யலாம்னு ஒங்க கடிதம் வேணும்னு ஒபீஸ் மேடம் கேக்குறாங்க."

"ஒரு சின்னச் சோதனை செய்து பாப்பம்" என்றார். இலக்கங்கள் சொன்னார். கேட்டதை அப்படியே சொல்ல வேண்டும். நான்கு, ஐந்து என்று கூட்டிக்கொண்டே போனார். ஐந்து வரைக்கும் சமாளித்தேன். "நல்லம்" என்று சொல்லிவிட்டு இன்னும் ஏதோ பேசினார். கடைசியில், "இப்ப சொல்லுறதை மறுவளமாச் சொல்லும். ஏழு, ரெண்டு, நாலு" என்றார்.

"ஏழு, ரெண்டு, நாலு."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மறுவளமா" என்றார். "ஆறு, மூண்டு."

"ஆறு, மூனு." இதென்ன, கிண்டர்கார்டன் கேள்வி என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அவர் சிரிக்கவில்லை. ஏதோ எழுதினார். என் தோளைத் தட்டிவிட்டு, "கடிதத்துக்கு அவசரப்பட வேண்டாம் தங்கச்சி" என்று போய்விட்டார். பெரிய டொக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது அவர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டது எனக்கும் கேட்டது. வேலை செய்யும் நினைவு கடுமையாகப் பாதிக்கப்பட்டிருக்கிறது, இரண்டு இலக்கத்தைக்கூடக் கையாள முடியவில்லை. சரியாகத்தானே சொன்னேன், பிழைத்ததுகூட எனக்குத் தெரியவில்லை போல என்று இன்னும் பயந்தேன். மூன்று பாஷை தெரிந்தவள் முன்னால் இரகசியம் பேசக்கூடாது.

அன்றைக்கு அம்மாவும் விஷயத்தை அறிந்துகொண்டார். எங்கள் அம்மா பேச ஆரம்பித்தால் அது ஒரு வாக்கியம் இல்லை, ஊர்வலம். மேஸ்திரி திட்டியதைச் சொல்லப் போனால், வழியில் மேஸ்திரியின் மகள் கல்யாணம், அந்தக் கல்யாணத்துச் சாம்பாரில் உப்பு, உப்பு விற்ற கடைக்காரனின் கால் முறிவு எல்லாம் கடந்து, மறக்காமல் மேஸ்திரியிடம் வந்து முடிப்பார். அப்படிப்பட்ட ஆள் அடுத்த நாளிலிருந்து என்னிடம் இப்படிப் பேசத் தொடங்கினார்:

"சோறு இருக்கு."

நிறுத்தி, என் முகத்தைப் பார்ப்பார்.

"பருப்பும் இருக்கு."

மறுபடி பார்ப்பார்.

"சாப்புடு."

எனக்காகத்தான் என்று தெரியும். தெரிந்ததால்தான் தாங்க முடியவில்லை. சின்னக் குழந்தைக்குச் சோற்றை மசித்துக் கொடுப்பது போல் எனக்குப் பேச்சை மசித்துக் கொடுத்தார். நான் அந்தச் சாம்பார் உப்புக்கு ஏங்கினேன். அந்தக் கால் முறிந்த கடைக்காரனுக்கு ஏங்கினேன்.

பார்வையாளர் நேரம் வந்தால் இன்னும் மோசம். வார்ட் முழுக்கப் பேச்சு. சிங்களம், எங்கள் தமிழ், முஸ்லிம் ஆட்களின் தமிழ், எல்லாம் கலந்து என் கட்டிலைத் தாண்டிப் போகும். முழு முழு வாக்கியங்களாக. முன்பெல்லாம் என் வழியாகப் போன சாமான்கள். இப்போது ரயில் நிற்காத ஸ்டேஷன் மாதிரி நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனில் ஒரு வீடியோ இருந்தது. ஒரு கூட்டத்தில் நான் மொழிபெயர்ப்பதை ஒபீஸ் பெடியன் ஒருவன் எடுத்தது. அதைப் போட்டேன். ஒரு பெண் இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். அதிகாரி பேசுகிறார், பேசுகிறார், நிறுத்தவே மாட்டார் போல. அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து, எங்கேயோ பார்த்தபடி கேட்கிறாள். அவர் முடித்ததும் தமிழ் ஒரே மூச்சில் வந்து விழுகிறது. செம கெத்து. ஆனால் அவள் முடிக்கும்போது, அவள் எதில் ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. என் வாயிலிருந்து வந்த வாக்கியத்தையே என்னால் பிடிக்க முடியவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். காதலன் விட்டுப் போனால் அவன் படத்தைப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. நான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் கம்பளையைச் சேர்ந்த நபீசா ராத்தா, முஸ்லிம் ஆட்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பக்கவாதம் வந்து தேறிக்கொண்டிருந்தவர். ஒரு காலை, அவர் தானாகவே சட்டை மாற்றிக்கொண்டு பெருமையோடு உட்கார்ந்திருந்தார். டொக்டர் அபிராமி வந்தார்.

"என்னம்மா, சட்டையை மறுவளமாப் போட்டிருக்கிறியள்?"

"என்ன செல்றீங்க டொக்டர்? வேறயாளுடயதா இது?"

"இல்லையம்மா, மறுவளம். பின்பக்கம் முன்னால வந்திருக்கு."

ராத்தா குனிந்து பார்த்தார். பட்டன் ஒன்றையும் காணோம். எல்லாம் முதுகில். "அல்லாவே! அதான் நெஞ்சுக்கு இவ்ளோ இறுக்கமா ஈக்கிது! நான் ஹார்ட்டுக்கும் வந்திட்டு எண்டு நெனச்சிட்டேன்!"

வார்டே சிரித்தது. நான் மட்டும் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பின்பக்கம் முன்னால். மறுவளம் என்றால் மறுபடியும் இல்லையா?

"டொக்டர்! டொக்டர், அன்னைக்கு நம்பரை மறுவளமா சொல்லுன்னீங்களே, பின்னாலருந்து சொல்லச் சொன்னீங்களா?"

"ஓம்."

"நான் மறுபடியும்னு நெனச்சேன்! எங்க பக்கம் அந்தச் சொல்லே கெடையாது டொக்டர்! நீங்க சொன்னதையே இன்னொரு வாட்டி சொன்னேன்!"

அவர் வாயில் கை வைத்துக்கொண்டார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். தமிழுக்கும் சிங்களத்துக்கும் நடுவில் நிற்கிறவளுக்குத் தமிழுக்கும் தமிழுக்கும் நடுவில் ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கிறது! எனக்கு ஒன்றுமே இல்லை. வியாதி இல்லை, ஒரு சொல். புசல்லாவைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் விழுந்துபோன ஒரே ஒரு சொல். நாளைக்கே துணி மடித்து வைக்கலாம். ஒபீஸில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கலாம்.

டொக்டர் சிரித்து முடித்து, கொஞ்சம் யோசித்தார். குரல் மெதுவாக வந்தது.

"ஆனா துஷி, நான் உதாரணம் சொல்லித்தானே துவங்கினனான். நான் ஒண்டு ரெண்டு எண்டு சொன்னா, நீர் ரெண்டு ஒண்டு எண்டு சொல்ல வேணும் எண்டு. நீரும் ஓம் எண்டு தலையாட்டினீர்."

எனக்கு அப்படி ஒன்று நடந்ததாகவே ஞாபகம் இல்லை. 'நல்லம்' என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு ஏதோ பேசியது ஞாபகம் இருக்கிறது. அந்த ஏதோவுக்குள் உதாரணம் போய்விட்டது. சொல் தெரியாததால் வந்த பிழை பாதி. மீதிப் பாதி நான்தான்.

"இப்ப செய்து பாப்பமா?" என்றார். "பின்னாலிருந்து. ஏழு, ரெண்டு, நாலு."

"நாலு, ரெண்டு, ஏழு."

"வெரி குட். மூண்டு, ஒன்பது, ஆறு, ரெண்டு."

"ரெண்டு, ஆறு..." அடுத்த இலக்கம் நின்ற இடம் தெரிந்தது, இலக்கத்தைக் காணவில்லை. "ரெண்டு, ஆறு, ரெண்டு..." என்றேன். கட்டிலடியில் நின்ற அம்மாவைப் பார்த்தேன். அம்மா தன் சேலை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று. அவ்வளவுதான் என் கையில் நின்றது. பூச்சியம் இல்லை என்பது நல்ல செய்தி. டொக்டர் பழையதை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினார். பெரிய டொக்டரிடமும் போய்ச் சொன்னார். ஆனால் கடிதம் கிடைக்கவில்லை. வீங்கின இடம் வற்றுவதற்கு மாதங்கள் எடுக்கும், எவ்வளவு திரும்பி வரும் என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது, போனில் விளையாடுகிற மூளைப் பயிற்சியெல்லாம் அந்த விளையாட்டில்தான் கெட்டிக்காரி ஆக்கும், வாழ்க்கையில் எதைச் செய்யப் போகிறீரோ அதையே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பாரும் என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில் வெடித்துவிட்டேன்.

"சோறு இருக்கு" என்றார் அம்மா. என் முகத்தைப் பார்த்தார்.

"பழைய மாதிரி பேசுங்கம்மா!"

"ஒனக்கு வெளங்கணுமே பாப்பா."

"வெளங்கலன்னா கேக்குறேன். நூறு வாட்டி கேக்குறேன். நீங்கதானே சொன்னீங்க, இந்த வாய் சும்மா இருந்தாத்தான் பயம்னு?"

அம்மா தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "இன்னைக்கு மலையில என்னாச்சு தெரியுமா" என்று தொடங்கினார். அட்டை கடித்தது, அட்டைக்கு உப்பு வைத்தது, உப்பு கொடுத்தவளின் மருமகன் துபாயில் வேலையை விட்டது, அவன் அனுப்பிய டிவி ரிமோட் வேலை செய்யாதது. நான் பாதி வழியில் விழுந்துவிட்டேன். "யாரைக் கடிச்சுச்சு?" என்றேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "என்னையத்தாண்டி!"

இதுதான் என் பயிற்சி. தினமும் ஒரு ஊர்வலம். எங்கே தொடங்கினார், எங்கே முடித்தார் என்று நான் சொல்ல வேண்டும். தோற்றால் பாத்திரம் கழுவ வேண்டும். கிட்டத்தட்ட எல்லா நாளும் கழுவினேன். சில தந்திரங்களும் பழகினேன். ஒவ்வொரு துண்டையும் ஒரு படமாக்கி வீட்டுச் சாமான் மேல் வைப்பேன். அட்டை கதிரையில், மருமகன் அலுமாரி மேல், ரிமோட் அடுப்பில். பிறகு திரும்பி வந்து பொறுக்கிக்கொள்வேன். முன்பு பறந்த தூரத்தை இப்போது படி பிடித்து ஏறுகிற மாதிரி. பறந்தவளுக்குத்தான் தெரியும் படி ஏறுகிற கஷ்டம்.

கடைசிக் கிளினிக்கில் நான்கு இலக்கம் திருப்பிச் சொன்னேன். ஒரு தடவை ஐந்தும் வந்தது. டொக்டர் அபிராமி கடிதம் எழுதினார். சின்னக் கூட்டங்கள் மட்டும், இடையில் ஓய்வு, களைத்தால் நிறுத்த வேண்டும். என்னிடம் தரும்போது, "மறுவளமாப் பிடிச்சு வாசிக்காதேயும்" என்றார்.

முதல் கூட்டம் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில். மேல் டிவிஷனுக்குக் காலையில் பஸ் வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் கிளினிக்குக்கு இறக்கத்தில் நடந்தே வருகிறார்களாம். செல்வியக்கா என்பவர் எழுந்து கேட்டார். கேள்வி நேராக, சின்னதாக இருந்தது. சிங்களத்தில் சொன்னேன். பிழை இல்லை.

அதிகாரி பதிலுக்குத் தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர்தான், ஆனால் மூச்சு நீளம். துண்டு துண்டாகச் சொல்லச் சொல்லி நான் முன்பே கேட்டிருந்தேன். அவர் மறந்துவிட்டார். நான் நிறுத்தக் கையை உயர்த்தப் போனேன். ஆனால் எங்கள் இரண்டு பாஷையிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. செய்வோமா மாட்டோமா என்பது கடைசிச் சொல்லில்தான் வரும். நடுவில் வெட்டினால் கையில் இருப்பது ஒன்றுமே இல்லை. கையை இறக்கிவிட்டுக் கேட்டேன்.

வீதியை அளந்து முடித்துவிட்டார்கள் என்றார். வீதியைக் கதிரையில் வைத்தேன். டிப்போவில் பஸ் தர ஒத்துக்கொண்டார்கள் என்றார். பஸ்ஸை அலுமாரி மேல் வைத்தேன். டிரைவரும் கிடைத்துவிட்டார். தோட்ட நிர்வாகம் மேலே உள்ள மதகையும் திருத்திக் கொடுத்துவிட்டது. ஆனாலும் இரண்டாவது வளைவில் மண் சரிந்த இடத்தில் தடுப்புச் சுவர் கட்டும் வரைக்கும் காலை பஸ்ஸை மேல் டிவிஷனுக்கு அனுப்ப... இங்கே கொஞ்சம் நிறுத்தினார். எனக்குள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. ஒன்றுகூட விழவில்லை. மாதக்கணக்காக ஏங்கிய பாரம் முழுசாக என் தலையில் நின்றது.

"...பே" என்று முடித்தார். முடியாது.

நான் சனத்தின் பக்கம் திரும்பினேன். அந்தத் துளி நேரம். இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த ஒரே ஆள் நான்தான். "ரோட்ட அளந்து முடிச்சிட்டாங்களாம்" என்றேன். செல்வியக்காவின் முகம் மலர்ந்தது. டிப்போ பஸ் தருதாம் என்றேன். பின்னால் இருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். டிரைவர், மதகு, ஒவ்வொன்றுக்கும் தலைகள் ஆடின. ஒருத்தி கைதட்டவே தொடங்கினாள். எனக்கு முடிவு தெரியும், அவர்களுக்குத் தெரியாது. ஒன்றையும் சிந்தாமல் அந்த வாக்கியத்தை நானே அவர்கள் மேல் இறக்க வேண்டும். இறக்கினேன். தடுப்புச் சுவர் கட்டும் வரைக்கும் காலை பஸ்ஸை மேல் டிவிஷனுக்கு அனுப்ப முடியாதாம்.

கைதட்டியவள் கையை மடியில் இறக்கினாள். செல்வியக்கா என்னைப் பார்த்தார், அதிகாரியை இல்லை.

"அவ்வளவு நேரம் நல்லாத்தானே சொல்லிக்கிட்டு வந்தீங்க?"

"அவரு சொன்னத முழுசா சொன்னேன்கா."

அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். உட்காரவில்லை.

"அப்ப அந்தச் செவர எப்ப கட்டுவாங்கன்னு கேளுங்க. சும்மா 'பாப்போம்'னு சொன்னா நீங்க எங்ககிட்ட சொல்லவே வேணாம், அங்கயே திருப்பிக் குடுத்துருங்க."

நான் அதிகாரியின் பக்கம் திரும்பினேன்.